பெண்கள் கால்பந்தாட்டமும் உடல்நல ஆராய்ச்சியும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஏலக்காய் எடுக்கும் காலத்தில், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, பெண்கள் நெருங்கி அமர்ந்து போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் ஏறி, அப்பாலுள்ள தோட்டங்களுக்குச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதே வேளையில், மலையடிவாரத்து மைதானமொன்றில் அப்பெண்களின் புதல்வியர் சிலர் பந்து உதைத்துப் பழகுவதையும் இரண்டு ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். தாயார் மலையேறுகிறார், மகள் கீழே ஓடுகிறாள். அம்மகளின் உடல்நலத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தலைசுற்றிக் கீழே விழுந்தாள். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தாள். அன்று வேறொன்றும் நேரவில்லை. ஆனால் ஊரில் பேச்சு எழுந்துவிட்டது. பெண் பிள்ளைகளின் உடலுக்கு இவ்வாட்டம் ஒவ்வாது என்றார் ஒரு பெரியவர். கருப்பைக்குக் கேடு என்றார் மற்றொருவர். மறுநாள் அம்மாணவியின் தாயார், ஒரு நாள் கூலியை இழந்து, நம் அலுவலகத்திற்கே வந்துவிட்டார். "ஐயா, நீங்க நாலு எழுத்துப் படிச்சவுக. புள்ளைய ஆட விடவா, நிறுத்திப்புடவா? ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார்.

கேள்வி எளியதுதான், விடை நம்மிடம் இருக்கவில்லை. சாலைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் மதிப்பீடு தயாரிக்கும் பழக்கம் இத்தகைய கேள்விக்கு உதவாது. அன்று முதல் மருத்துவர்களையும் செவிலியர்களையும் உசாவியும், கிடைத்தவற்றைப் படித்தும் நாம் அறிந்துகொண்டவற்றை ஈண்டு எழுதுகிறோம். பிற வட்டாரங்களிலும் இக்கேள்வி எழாமல் இராது.

பொருந்தாது என்று மூடிய கதவு

பெண்களுக்குப் பந்தாட்டம் ஒவ்வாது என்னும் பேச்சு நம் ஊர்ப் பெரியவர்கள் கண்டுபிடித்ததன்று. கால்பந்தின் தாயகமாகிய இங்கிலாந்திலேயே அது சட்டமாக இருந்தது. 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்ப்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில், டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் அணி ஆடியதைக் காண 53,000 மக்கள் திரண்டனர். ஓராண்டு கழியுமுன், 1921 டிசம்பர் 5 அன்று, ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாது என்று தீர்மானித்து, தன்னைச் சேர்ந்த சங்கங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்கதவு திறக்கவில்லை. எந்தப் பெண்ணையும் அளந்து பார்த்து எழுந்த தீர்மானம் அன்று அது.

ஆட்டம் இல்லையேல் ஆட்டக்காரரும் இல்லை. ஆட்டக்காரர் இல்லையேல் ஆராய்வதற்கும் எவருமில்லை. அதன் விளைவு இன்றளவும் தொடர்கிறது. 2014 முதல் 2020 வரை ஆறு விளையாட்டு விஞ்ஞான ஏடுகளில் வெளிவந்த 5,261 ஆய்வுகளை ஒருமுறை கணக்கெடுத்தனர். ஆண்களை மட்டும் வைத்து நடந்தவை 31 சதவீதம். பெண்களை மட்டும் வைத்து நடந்தவை வெறும் 6 சதவீதம். எவ்வளவு ஓடலாம், எவ்வளவு உண்ணலாம், அடிபட்டால் எத்தனை நாள் ஓய்வு என்னும் கணக்குகள் பெரும்பாலும் ஆண் உடலைக் கொண்டு போடப்பட்டுப் பெண்களுக்கும் வழங்கப்பட்டு வருகின்றன. அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தங்கைக்கு மாட்டிவிடுவது போன்றதே இது.

உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஐரோப்பாவின் முன்னணிச் சங்கங்களில் ஆடும் பெண்களைக் கேட்டபோது, 82 சதவீதத்தினர் தம் காலணியால் வலியோ இடைஞ்சலோ உண்டு என்றனர். ஆணின் பாத அச்சில் வார்த்த காலணிகள் அவை. நம் மைதானத்திலோ அண்ணனின் காலணியையே, முனையில் துணியைத் திணித்து, அணிந்து வருகிறவர்கள் உண்டு.

நம் நாட்டில் இவ்வாட்டத்திற்கு வரலாறு இல்லாமல் இல்லை. 1975-இல் இந்திய மகளிர் கால்பந்துச் சம்மேளனம் தோன்றிற்று. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. பின்னர் நெடுங்காலம் அயர்ந்திருந்து, 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தமிழ்நாட்டு மகளிர் 2017-18-லும் 2022-23-லும் தேசியப் பட்டம் வென்றனர். கடலூர்ப் பெண்ணான இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியதோடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பதவி பெற்றார். நமக்கு அண்மையிலுள்ள மதுரையின் சேது அணி 2018-19-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கைக்கொண்டது. போடியிலிருந்து மதுரைக்கு இரயில் பாதை 90 கிலோமீட்டர்தான். 2010-இல் நின்ற இரயில் 2023 ஜூனில் மீண்டும் போடிக்கு வந்துவிட்டது. ஆகவே, நம் சரிவுகளில் ஓடும் பெண்ணுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு வழியும் ஆகும். அவ்வழியை அறியாமையால் அடைத்துவிடலாகாது என்பதே நம் கவலை.

இரத்தத்தில் இருக்கும் செய்தி

விழுந்த மாணவியை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். மருத்துவ அம்மையார் கண் இமையைக் கீழிறக்கிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தார். 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமேனும் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 10 கிராமுக்கும் கீழே இருந்தது. அவளை வீழ்த்தியது இரத்த சோகையேயன்றிப் பந்தன்று. பந்து அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவே.

இது ஒருத்தியின் கதையன்று. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், தமிழ்நாட்டில் 53.4 சதவீதத்தினருக்கும் இரத்த சோகை இருந்தது. வறுமையை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறவும் இயலாது. உலகக் கோப்பைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சுவீடன் நாட்டு மகளிர் அணியைச் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 57 சதவீதத்தினருக்கு இரும்புச்சத்துக் குறைவும், 29 சதவீதத்தினருக்கு அதனால் நேர்ந்த சோகையும் காணப்பட்டன. பாலும் இறைச்சியும் குறைவின்றிக் கிடைக்கும் நாட்டின் தேர்ந்தெடுத்த வீராங்கனைகளின் நிலையே இது!

ஹீமோகுளோபின் என்பது நாம் உள்வாங்கும் காற்றிலிருந்து உயிர்வளியைச் சுமந்து தசைகளுக்குக் கொண்டு சேர்க்கும் வண்டி. அதை ஆக்க இரும்பு வேண்டும். பருவமடைந்த பெண் மாதந்தோறும் இரத்தத்தோடு இரும்பையும் இழக்கிறாள். வளரும் வயது வேறு, தேவை மிகுகிறது. முதல்தர மகளிர் ஆட்டத்தில் ஒருத்தி ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓடுகிறாள். வண்டிகள் குறைந்த உடல் அவ்வளவு ஓட்டத்திற்கு எவ்வாறு ஈடு கொடுக்கும்? குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்துப் பிள்ளைகள் மேட்டில் நடந்து பழகியவர்கள், அவர்களுக்கு மூச்சுத் தளராது என்று நாமும் எண்ணியிருந்தோம். நுரையீரல் வலிவுள்ளதாயினும், சுமப்பதற்கு இரத்தம் வேண்டுமே.

மலைச்சரிவுக்கு உரிய காரணங்கள் இரண்டையும் மருத்துவ அம்மையார் எடுத்துரைத்தார். முதலாவது, கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைத் துளைத்து உட்புகுந்து, குடலைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சும் புழு இது. இலங்கைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளரை இப்புழு வாட்டியதால், 1916 முதல் ராக்பெல்லர் நிறுவனம் அங்கே பெரும் ஒழிப்பு இயக்கம் நடத்த நேர்ந்தது. நிழலும் ஈரமும் நிறைந்த ஏலத்தோட்டம் அதற்கு ஏற்ற இடமே. பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தட்டிக் கழிக்கலாகாது.

இரண்டாவது, தேநீர். நம் பக்கத்தில் காலை ஆகாரத்திற்குப் பதிலாகவும், உணவோடு சேர்த்தும் தேநீர் அருந்துகிறோம். அதிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவொட்டாமல் தடுத்துவிடுகிறது. தேநீரை விட்டுவிடச் சொல்லவில்லை. உணவுக்கும் அதற்கும் ஒரு மணி நேரமேனும் இடைவெளி விட்டால் போதும். கேழ்வரகு, கீரை, கொண்டைக்கடலை ஆகியவற்றோடு ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சம்பழச் சாறோ சேருமாயின், அவற்றிலுள்ள இரும்பு உடலில் நன்கு சேரும்.

பள்ளியில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. குமட்டுகிறது என்றும், மலம் கருக்கிறது என்றும் அஞ்சிப் பல மாணவியர் அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிடுவதாக ஆசிரியையொருவர் நம்மிடம் கூறினார். மலம் கருப்பதால் தீங்கில்லை. வெறும் வயிற்றில் உண்ணாவிடில் குமட்டல் குறையும். இவ்விரு வாக்கியங்களை எவரேனும் அப்பிள்ளைகளிடம் முன்பே சொல்லியிருந்தால், எத்தனை மாத்திரைகள் மண்ணில் விழாமல் இருந்திருக்கும்! ஆனால் சோகை ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு வார மாத்திரை போதாது. மருத்துவர் குறிக்கும் அளவில் நாள்தோறும் சில மாதங்கள் உண்ண வேண்டும்.

உணவின் அளவும் ஒரு செய்தி. ஓடுவதற்கு ஏற்ப உண்ணாத பெண்ணின் உடல் தன் செலவைத் தானே சுருக்கிக்கொள்கிறது. மாதவிடாய் தவறுகிறது, எலும்பு வலுவிழக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் சங்கம் 2014-இல் இதற்கொரு தனிப்பெயரிட்டு எச்சரித்தது. 2022-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளைக் கருதியது. தாய் இருளில் ஜீப் ஏறிவிட்ட வீட்டில், உயர்நிலைப் பள்ளி மாணவிக்குக் காலையில் அடுப்பு மூட்டுவார் எவர்? அவளேதான். தம்பிக்கும் தங்கைக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு, தான் தேநீரோடு மைதானத்திற்கு ஓடி வருகிறாள்.

முழங்காலும் இருபது நிமிடமும்

பெண்கள் கால்பந்தில் மிகவும் அஞ்சப்படும் காயம் முழங்கால் மூட்டு ஜவ்வு கிழிதல். மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பர். பெரும்பாலும் எவரும் மோதாமலே, ஓட்டத்தில் சட்டெனத் திரும்பும்போதோ, குதித்துத் தரையில் ஊன்றும்போதோ இது நேர்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 2023 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அணித்தலைவி லியா வில்லியம்சன், நெதர்லாந்தின் மீடெமா முதலியோர் இக்காயத்தால் வர இயலவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதமேனும் காத்திருக்க வேண்டும். கூலிக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஒன்பது மாதம் என்பது பெரும்பாலும் ஆட்டத்தின் முடிவே.

ஏன் பெண்களுக்கு மிகுதி? இடுப்பின் அமைப்பு என்பர் சிலர். மாதச் சுழற்சியின் சுரப்பிகள் என்பர் சிலர். வேறு சில அறிஞர், உடலை மட்டும் குற்றம் சொல்லாதீர், அவளுக்குக் கிடைத்த மைதானத்தையும் பயிற்சியையும் காலணியையும் பாருங்கள் என்கின்றனர். இக்கடைசிக் கூற்று நம் மனத்தில் தைத்தது. காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

மகிழ்ச்சிக்குரிய செய்தி, தடுப்பு முறை கண்டறியப்பட்டிருக்கிறது என்பது. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 'பதினொன்றுக்கு மேல்' என்னும் பொருள்பட ஒரு முன்பயிற்சியை வகுத்தது. இருபது நிமிடம்: எட்டு நிமிடம் மெல்லோட்டம், பத்து நிமிடம் வலிமை, சமநிலை, குதித்தல், பின்னர் இரண்டு நிமிடம் விரைவோட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான பெண்கள் 1,892 பேரிடம் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டனர். முன்பயிற்சி செய்தவர்களிடம் காயங்கள் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் பாதியளவும் குறைந்திருந்தன. இதனையொத்த பதினைந்து நிமிடப் பயிற்சியைச் சுவீடனில் 4,564 பெண்களிடம் சோதித்தபோது, ஜவ்வுக் கிழிவு 64 சதவீதம் குறைந்ததாக 2012-இல் அறிவித்தனர்.

இதற்கு இயந்திரம் வேண்டா, பணமும் வேண்டா. ஒற்றைக் காலில் நின்று சமநிலை காத்தல், முழங்கையும் கால்விரல்களும் தரையில் ஊன்ற உடலைப் பலகைபோல் நிறுத்துதல், குந்தி எழுதல், குதித்து மெல்ல ஊன்றுதல் ஆகியவையே பயிற்சி. கவனிக்க வேண்டியது ஒன்று: ஊன்றும்போது முழங்கால் உட்பக்கம் சாயாமல், கால்விரலுக்கு நேரே நிற்க வேண்டும். வாரத்திற்கு இருமுறையேனும் தவறாமல் செய்ய வேண்டும். முதல் மாதம் நம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்தனர். பந்தைத் தொடாமல் இருபது நிமிடமா என்று முணுமுணுத்தனர்.

தலையில் அடிபட்டவளை அன்று மீண்டும் களத்தில் இறக்கலாகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கிறோம். அது ஆண்களுக்கும் உரிய விதியே.

நாம் செய்த தவறு

மாதவிடாய் நாட்களில் ஆடலாமா என்று தாய்மார் கேட்கின்றனர். வலியும் சோர்வும் இல்லாதவள் ஆடலாம், இருப்பவள் இளைப்பாறலாம், அனைவருக்கும் ஒரே விதி இல்லை என்பதே இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுவது. ஆடுவதால் கருப்பைக்குக் கேடு என்பதற்கு ஆதாரம் இல்லை. இங்கிலாந்தின் செல்சி மகளிர் அணி 2020-இல் ஒவ்வொருத்தியின் மாதச் சுழற்சிக்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றி அமைக்கத் தொடங்கியது.

இதைப் படித்த ஆர்வத்தில் நாம் ஒரு படிவம் வரைந்தோம். பெயர், வயது, எடை, மாதவிடாய்த் தேதி எனக் கட்டங்கள் போட்டு, நிரப்பி நமக்கு அனுப்புமாறு கூறினோம். கிராம சுகாதாரச் செவிலியர் அப்படிவத்தை நம் மேசைமீது திருப்பி வைத்தார். "சார், இது உங்க கோப்புல இருக்க வேண்டிய விஷயமா?" என்று மட்டும் கேட்டார். நமக்கு வெட்கமாயிற்று. அக்கட்டத்தை நீக்கினோம். அக்குறிப்பை வைத்துக்கொள்வதும் வைக்காததும் அந்தந்தப் பெண்ணின் விருப்பம். அவள் விரும்பினால் செவிலியரிடம் மட்டும் காட்டலாம். மூன்று மாதம் தொடர்ந்து தவறினால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று கற்பித்ததோடு நிறுத்திக்கொண்டோம். எதிர்காலத்தில் ஆராய்ச்சியாளர் எவர் வந்தாலும் இந்நெறி பொருந்தும். பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. பெண்ணின் சம்மதமும் வேண்டும். எடுத்த கணக்கின் முடிவு அவளுக்கே திரும்பி வரவும் வேண்டும்.

குறிப்பேடு

இனி, எஞ்சிய பணியைப் பார்ப்போம். சுவீடன் பெண்ணையும் நார்வே பெண்ணையும் வைத்துக் கண்டவை நமக்கு வழிகாட்டும். முழுவதும் பொருந்தும் என்று கொள்ள இயலாது. வெறுங்காலோடு மேடேறி நடந்து, சோகையோடு சரளையில் ஆடும் பெண்ணை அவர்கள் கண்டதில்லை. க.விலக்கில் 2004 முதல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியதே. இவ்விரு துறையினரும் மலையடிவார மைதானங்களை ஆய்வுக்களமாக ஏற்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஆனால் அவர்கள் வரும்வரை நாம் கைகட்டி இருப்பானேன்?

கார்த்திகையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி அணித்தலைவியிடம் கொடுத்தோம். தேதி, வந்தவர், ஆடிய நேரம், அடிபட்டவர், எவ்வாறு, மைதானத்தின் எப்பகுதியில், எத்தனை நாள் ஓய்வு, அன்று காலை உண்டது என்ன — இவ்வளவே. ஐந்து மாதங்களுக்குப் பின் சித்திரையில் உடற்கல்வி ஆசிரியரும் செவிலியரும் நாமும் உட்கார்ந்து படித்தோம். அடிகள் எங்கும் பரவலாக இல்லை. பெரும்பாலானவை கிழக்கு ஓரத்தில், ஓடைக்கரைச் சரளைப் பகுதியில் நேர்ந்திருந்தன. பெண்களுக்கு அவ்வோரம் ஏன்? மைதானத்தின் நடுப்பகுதி ஆண் பிள்ளைகளின் கிரிக்கெட்டுக்கு. எவரும் அவ்வாறு தீர்மானிக்கவில்லை. நெடுநாளாக அவ்வாறே நடந்து வந்திருக்கிறது. மைதானத்தையும் பாருங்கள் என்று அறிஞர் சிலர் கூறியது நம்மைத் தைத்ததற்குக் காரணம் இதுதான். முழங்காலைக் காப்பாற்ற மருந்து தேடிக்கொண்டிருந்தோம். நம் ஊர் வழக்கம் காலடியில் கிடந்தது.

இப்போது திங்கள், புதன், வெள்ளிகளில் நடுப்பகுதி பெண்களுக்கு. கிழக்கு ஓரத்துக் கற்களைப் பொறுக்கிச் செம்மண் பரப்பியிருக்கிறோம். கிரிக்கெட் பிள்ளைகள் ஒரு வாரம் முகம் சுளித்தனர். பின்னர் கல் பொறுக்க அவர்களும் வந்தனர். பருவத்திற்கு இருமுறை அணியினர் அனைவருக்கும் இரத்தச் சோதனை செய்ய மருத்துவ அம்மையார் இசைந்திருக்கிறார்.

தாயாருக்கு என்ன விடை சொன்னோம் என்று வாசகர் கேட்கலாம். நிறுத்த வேண்டா, மூன்று மாதம் மாத்திரை உண்ணட்டும், பிறகு ஆடட்டும் என்றோம். மாசியில் அம்மாணவி மீண்டும் களத்திற்கு வந்தாள். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டிருந்தது. முன்பயிற்சி முடிந்து பந்து வந்ததும் முதல் ஆளாக ஓடினாள். இடைவேளையில், காலையில் என்ன உண்டாய் என்று கேட்டோம். "டீ மட்டும், சார்" என்றாள். அணித்தலைவி அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.